உழவுப் பரீட்சை

என் டிப்ளமாவில் உழவுக்கு நாற்பதுக்குப் பதினேழு மார்க் போட்டிருக்கிறது. அந்தப் பதினேழில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. நான் உழுத சால் கோணல். இரண்டு இடத்தில் மாடு என்னையும் இழுத்துக்கொண்டு வரப்பு வரைக்கும் போய்விட்டது. அந்த வருஷம் பரீட்சைக்கு நின்ற பன்னிரண்டு பேரில் தன் கையால் கலப்பை மேழியைப் பிடித்தவன் நான் ஒருவன்தான். உழவில் கடைசியாக வந்தவனும் நானே. மற்றப் பதினொரு பேருக்கும் முப்பதுக்குக் குறையாமல் கிடைத்தது. முதல் மார்க் முப்பத்தெட்டு. அந்த முப்பத்தெட்டை வாங்கியவரைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. உழுதவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முன்னால், பாளையங்கோட்டைக்கு வெளியே, வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு பண்ணைப் பள்ளிக்கூடம் நடந்தது. இப்போது இல்லை. அதை ஒரு கமிட்டி நடத்தியது. கமிட்டியில் ஒரு துரை, இரண்டு வக்கீல்கள், மூன்று மிராசுதார்கள், ஒரு பாதிரியார். படிப்பு இரண்டு வருஷம். மெட்ரிகுலேஷன் தேறியவர்களைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே ஆற்றுப் பாசனத்தில் உழுது பிழைக்கிற எவனும் அந்த வாசலுக்குள் மாணவனாக நுழைய வழியில்லை. என் தகப்பனார் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர். எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. எனக்கு மெட்ரிகுலேஷன் இருந்தது, சேர்ந்துவிட்டேன்.

பன்னிரண்டு பேரில் யாரும் விவசாயம் செய்வதற்காக வரவில்லை. ஜமீன் பண்ணையில் மானேஜர், விதை டிப்போவில் குமாஸ்தா, ரெவின்யூ இலாகாவில் ஏதாவது ஒரு நாற்காலி, இவற்றுக்காக வந்தோம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு உத்தியோகம் இருந்தது. ஊர் ஊராக வண்டியில் போய், புதுக் கலப்பையையும் புது விதையையும் குடியானவர்களுக்குச் செய்து காட்டுகிற டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகம். அது நம் ஜில்லாவுக்கு ஒன்றே ஒன்று. முதலாவதாகத் தேறுகிறவருக்கு அது என்று கமிட்டி அறிவித்திருந்தது.

பாடமெல்லாம் இங்கிலீஷில். முதல் வருஷம் முழுக்க டர்னிப் என்ற கிழங்கைப் பற்றிப் படித்தோம். எந்த வருஷம் டர்னிப், எந்த வருஷம் பார்லி, எந்த வருஷம் புல், எந்த வருஷம் கோதுமை என்று நெட்டுருப் போட்டு ஒப்பித்தோம். அந்தக் கிழங்கை நான் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. கார் நெல், பிசான நெல் என்று இந்த ஆற்றில் இரண்டு போகம் விளைகிறது என்பது எங்கள் புத்தகத்தில் எங்குமே இல்லை. நாற்றங்கால் போட வேண்டிய மாதத்தைக்கூட வேறு ஜில்லாவின் கணக்கில் அச்சடித்திருந்தார்கள். ஒரு வருஷம் பண்ணையின் சூப்பரின்டென்டென்ட் புத்தகத்தை நம்பி ஐப்பசியில் பள்ளத்து வயலில் நாற்றுப் பாவினார். மூன்றாம் நாள் ஆற்றுத் தண்ணீர் ஏறி, பாவிய விதை முழுவதும், ஆறு கடலில் சேர்கிற புன்னக்காயலைப் பார்த்துப் புறப்பட்டுப் போய்விட்டது.

அப்போது வரப்பில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அன்னைக்கே சொன்னேன், மேட்டு வயல்ல பாவுவோம்னு. பொஸ்தகத்துல நீச்சல் போட்டிருக்கா பாருங்க" என்று மெல்லச் சொன்னார். அவர்தான் பண்ணையின் ஏர்க்காரர். சூப்பரின்டென்டென்ட்டின் காதில் அது விழவில்லை. விழுந்திருந்தாலும் நடந்ததில் மாற்றம் இருந்திருக்காது.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். பண்ணை தொடங்கிய நாளிலிருந்து அங்கே ஏர் பிடித்தவர். ஆற்றோரப் புறம்போக்கில் குடிசை. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் வாசிப்பார், இங்கிலீஷ் எண்களும் தெரியும். நாங்கள் இருவரும் ஒரே கோயிலுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனோம். எங்கள் குடும்பம் முன்னால் பெஞ்சில் உட்காரும். அவர் குடும்பம் பின்னால் தரையில் உட்காரும். பாட்டு ஒன்றுதான். நான் இங்கே 'அவர்' என்று எழுதுவது இப்போது. அந்த நாளில் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். அவர் என்னை 'ஐயா' என்றார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

சீமையிலிருந்து இரும்புக் கலப்பை வந்த கதையை அங்கே எல்லாரும் சொல்வார்கள். தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறக்கி, மரப்பெட்டியில் ஆணி அடித்தபடி மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். பெட்டிக்குள் ஒரு படம் போட்ட காகிதம் இருந்ததாம். அதில் இரண்டு பெரிய குதிரைகள். துரையும் சூப்பரின்டென்டென்ட்டும் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் திருகாணிகளைப் பொருத்தினார்கள். நம் மாட்டைப் பூட்டி ஓட்டியதும் கொழு நேரே பூமிக்குள் இறங்கி நின்றுவிட்டது. மாடு படுத்துவிட்டது. மறுநாள் ஏர்க்காரர் திருகாணி எதையும் தொடவில்லை. கலப்பைக்கும் நுகத்துக்கும் நடுவில் இருந்த வடத்தை ஒரு முழம் குறைத்துக் கட்டினார். கொழு மேலே வந்தது. கலப்பை மண்ணைப் புரட்டிக்கொண்டு ஓடியது. "குதிரைக்குத் தோளு உசரம். நம்ம மாட்டுக்கு அம்புட்டு உசரம் இல்லல்லா" என்பது அவர் சொன்ன விளக்கம். பிற்பாடு துரை எழுதிய ரிப்போர்ட்டில், 'சிறு மாற்றம் செய்யப்பட்டது' என்று இருந்தது. செய்தவர் யார் என்று இல்லை.

உழவுப் பரீட்சை பங்குனியில் நடந்தது. பிசானம் அறுத்த வயலில் இரண்டு நாள் முன்னால் தண்ணீர் பாய்ச்சி, ஈரம் பதமானதும் பன்னிரண்டு துண்டாக அளந்து, ஒவ்வொரு துண்டின் தலைமாட்டிலும் நம்பர் எழுதிய ஒரு மரமுளையை அடித்திருந்தார்கள். முளையில் இருப்பது மாணவனின் நம்பர். மாணவன் அந்தத் துண்டை இரும்புக் கலப்பையால் உழ வேண்டும் என்பது விதி. பரீட்சகர்கள் வெளியூரிலிருந்து வருவார்கள். உழவு முடிந்த பிறகுதான் வருவார்கள். இரும்பு அளவுகோலைச் சாலில் செருகி ஆழம் பார்ப்பார்கள், கயிறு பிடித்து நேர் பார்ப்பார்கள், இடையில் உழாத மண் விட்டிருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்ப்பார்கள். யாருடைய கையையும் பார்க்கமாட்டார்கள்.

இதனால் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. மாணவன் தன் முளைக்குப் பக்கத்தில் குடை பிடித்து நிற்பான். வயலில் ஆள் உழுவார். குடை நிற்கிற இடத்தை வைத்து, இன்னாருடைய துண்டு என்று தெரியும். இது ரகசியம் இல்லை. சூப்பரின்டென்டென்ட் அங்கேயே, புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சில வீட்டார் தங்கள் பண்ணையாளையே கூட்டிவந்தார்கள். ஆனால் அந்த ஆட்களுக்கு மரக்கலப்பைதான் பழக்கம். விவரம் தெரிந்த மூன்று பேர் எங்கள் ஏர்க்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கல்லிடைக்குறிச்சி மிராசுதார் வீட்டுப் பிள்ளை. இன்னொருவர் டவுன் வக்கீல் மகன். மூன்றாவது ஆள் எங்கள் சபையைச் சேர்ந்தவன், என்னோடு ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்தவன். ஆளுக்கு ஒரு வேட்டி கொடுப்பதாகப் பேச்சு.

கல்லிடைக்குறிச்சிக்காரரைப் பொல்லாதவர் என்று சொல்லமாட்டேன். வீட்டிலிருந்து அப்பளம் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து விடுதியில் எல்லாருக்கும் கொடுப்பார். இங்கிலீஷ் அழகாகப் பேசுவார். அன்று அவர் தன் நான்காம் நம்பர் முளையருகே குடையோடு நின்றபடி, பக்கத்துத் துண்டில் நான் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓய், எதுக்குங்காணும் இந்த வெயில்ல மாட்டு வாலைப் பிடிச்சிண்டு அலையறீர்? பரீட்சை மாட்டுக்கா, உமக்கா?"

"உமக்குப் பரீட்சை குடை பிடிக்கதுலயாவே?" என்றேன்.

"அதுல நான் தேறிடுவேன். உம்ம மாடு தேறறது சந்தேகம்."

அந்தப் பக்கம் நின்ற வக்கீல் மகன் கைதட்டினான். "ஏலே, வழி விடுங்கடே! வாத்தியார் மவன் ஏரு வருது. வரப்பையும் சேத்து உழுதுட்டுப் போயிரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நான்காம் துண்டில் உழுதுகொண்டிருந்த ஏர்க்காரர் சிரிக்கவில்லை. திரும்புமுனையில் என் பக்கம் வந்தபோது, மாட்டை நிறுத்தாமல், "மேழிய அமுக்காதிய. பைய விடுங்க. அதுவா போகும்" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் அமுக்கினேன். அது போகவில்லை.

அவர் மூன்று துண்டையும் முடித்தபோது வெயில் உச்சிக்கு ஏறவில்லை. மூன்று துண்டும் சீப்பால் வாரினது போல இருந்தன. பரீட்சகர் ஒருவர் நான்காம் நம்பர் துண்டின் ஓரத்தில் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாலைப் பார்த்ததும், நிமிர்ந்து குடைக்காரரின் கையைக் குலுக்கியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏர்க்காரர் அப்போது வாய்க்காலில் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எழுத்துப் பரீட்சையில் நான் இரண்டாவது. உழவைச் சேர்த்ததும் ஆறாவது. கல்லிடைக்குறிச்சிக்காரர் முதலாவது. டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகம் அவருக்குப் போயிற்று. இந்த இடத்தை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நான் செய்ததற்கு இதுவும் காரணம்.

ஆவணி மாதம் பண்ணையின் மேஸ்திரி வேலையை விட்டு இலங்கைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்று பலகையில் தமிழிலும் ஒட்டினார்கள். பண்ணை வேலையில் நெடுநாள் அனுபவம், இரும்புக் கலப்பை கையாளும் பழக்கம், எழுதப் படிக்கத் தெரிதல். டிப்ளமா உள்ளவர்களுக்கு முதலிடம். மேஸ்திரிக்குக் குடியிருக்க ஒரு வீடு உண்டு. பண்ணைக்குள்ளேயே மேட்டில் செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, பூட்டுப் போடுகிற கதவு. எல்லாரும் அதை மேட்டு வீடு என்பார்கள்.

ஏர்க்காரர் அந்த அறிவிப்பை விரலை வைத்து இரண்டு தடவை வாசித்துவிட்டு, நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கிணற்றடிப் பக்கமாக வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"ஒரு மனு எழுதிக் குடுக்கணும்யா. இங்கிலீசுல."

"மேஸ்திரி வேலைக்கா? சம்பளம் ஒண்ணும் பெருசா ஏறாதே."

"சம்பளம் கெடக்கட்டும்யா. மேட்டு வீடு. ஐப்பசியில ஆறு வந்தா எங்குடிச போயிருது. வருசா வருசம் போகுது. போன வருசம் பெரிய புள்ளய மரத்துல தூக்கி வச்சேன். சின்னத இடுப்புல வச்சுக்கிட்டு எம்பொஞ்சாதி கழுத்தளவு தண்ணியில நின்னா. இந்த வருசம் இன்னொண்ணு பொறக்கப் போகுது. எத்தன புள்ளய மரத்துல வைக்க?"

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மேட்டு வீட்டின் ஓடுகளை ஒருமுறை மாற்றி வேய்ந்தவர் அவர்தான். எத்தனை கை நீளம், உத்திரம் எந்த மரம், அடுப்பு எந்த மூலையில் என்று சொன்னார். பெண்டாட்டிக்கும் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது.

"சரி, என்னத்த எழுத?"

"பண்ணை தொடங்கின நாள்ல இருந்து ஏரு பிடிக்கேன். இரும்புக் கலப்பைய ஓட்டிக் காட்டினது நான். நாத்து, உரம், வெத எல்லாம் தெரியும். வாசிப்பேன். நாலு பேர வச்சு வேல வாங்குவேன். இத எழுதுங்க."

"பரீட்சையில மூணு பேருக்கு உழுதியே, அது?"

அவர் கிணற்றைப் பார்த்தார். "அது வேண்டாம்யா."

"அதுதானே பெரிய சாட்சி? வெளியூர்ல இருந்து வந்தவன் அளந்து முப்பத்தெட்டு போட்டிருக்கான். உனக்கு இத விட என்ன டிப்ளமா வேணும்?"

"மார்க்கு அவிய வாங்கினது. நான் உழுதேன், அம்புட்டுத்தான். அதச் சொன்னா அவியளுக்குக் குத்தம். அவியளுக்குக் குத்தம்னா எனக்குத்தான் தண்டன. அத மட்டும் விட்டுருங்க."

விட்டுவிடுகிறேன் என்றேன்.

விடவில்லை. மனுவில் ஐந்து பத்தி எழுதினேன். கோர்ட்டு மனுக்களைப் போல ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டேன். நான்காவது பத்தியில் பரீட்சையை எழுதினேன். முளை நம்பர்கள், உழவுக்குக் கிடைத்த மார்க்குகள், புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தது யார் என்பது எல்லாம் இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாத பத்தி. நான் எழுதியவற்றில் உண்மை இதைவிடச் சுருக்கமாக வந்த இடம் பிற்பாடும் குறைவுதான். மறுக்க முடியாத ஒரு விவரம் கையில் இருக்கும்போது அதை எழுதாமல் விடுவது அவருக்கே துரோகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மூன்று பேரின் மார்க் ரத்தானால் வரிசை மாறும் என்பதையும், மாறினால் டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகம் திரும்பவும் பேச்சுக்கு வரும் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் தெரியும்.

கையெழுத்து வாங்குவதற்காக அவரை வரச் சொல்லி, மனுவைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். மூன்றாவது பத்தி முடிந்ததும் ஐந்தாவதுக்குப் போய்விட்டேன். அவர் காகிதத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணுக்குப் பொறவு அஞ்சுக்குப் போயிட்டிய. நாலு இருக்கே."

"அது ஒண்ணுமில்ல. மரியாதைக்கு எழுதுத வாசகம். துரைமாருக்கு அப்படி எழுதணும்."

"சரிய்யா."

கையெழுத்தைப் போட்டார். பெரிய எழுத்துகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, பாத்தியில் நட்டது போல இருந்தன.

மனுவைக் கமிட்டிக்குக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால், கமிட்டி அந்தக் காகிதத்தை மற்றக் காகிதங்களோடு சேர்த்துக் கட்டி மறந்திருக்கலாம். வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கலாம். ஏர்க்காரர் ஏர்க்காரராகவாவது இருந்திருப்பார். நான் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, வாராந்தரப் பத்திரிகை ஒன்று நடத்திய அச்சுக்கூடத்து அண்ணாச்சியிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நான்காவது பத்தியை மூன்று தடவை வாசித்தார்.

"யாருலே எழுதினது? நீயா?"

"ஆமா அண்ணாச்சி."

"இந்த முதப் பத்தி, ரெண்டாம் பத்தி எல்லாம் வேண்டாம். யாரும் படிக்கமாட்டான். நாலாம் பத்திய மட்டும் தமிழ்ல எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். 'பரீட்சையில் ஆள் வைத்து உழவு' என்று தலைப்புப் போட்டு அந்த வாரமே அச்சாயிற்று. ஏர்க்காரரின் அனுபவமும் விண்ணப்பமும் அதில் இல்லை. மேட்டு வீடும் இல்லை.

விசாரணை புரட்டாசியில் நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் கமிட்டி உட்கார்ந்திருந்தது. கல்லிடைக்குறிச்சிக்காரருக்கும் மற்ற இருவருக்கும் பக்கவாட்டில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஏர்க்காரர் வாசல்படிக்கு வெளியே நின்றார். அங்கே நின்றபடியேதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேள்வி கேட்டவர் கமிட்டியில் இருந்த வக்கீல். குடை பிடித்தவர்களில் ஒருவனுக்கு அவர் சித்தப்பா. அது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

"பரீட்சை அன்னைக்கு நீ ஏர் பிடிச்சது உண்டா?"

"உண்டு எசமான்."

"நாலாம் நம்பர் துண்டிலே?"

"உண்டு எசமான்."

"நாலாம் நம்பர் உன் நம்பரா?"

"எனக்கு நம்பர் கிடையாது எசமான்."

"அப்போ இன்னொருத்தர் நம்பர்ல உழுதிருக்கே. அப்படித்தானே?"

பதில் வருமுன்பே, மேஜைக்குப் பின்னால் யாரோ எழுதிக்கொண்டார்கள். யார் உழச் சொன்னது என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. குடை பிடித்தவர்களிடம் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்றும் கேட்கவில்லை. சூப்பரின்டென்டென்ட் பரீட்சை நேரத்தில் தமக்குத் தலைவலி என்றும், மரத்தடியிலிருந்து வயல் சரியாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். அந்த மரத்தடியிலிருந்து பன்னிரண்டு முளையையும் எண்ணலாம். நான் எண்ணியிருக்கிறேன். அதைச் சொல்ல எழுந்தேன்.

"மனுவை எழுதினது நீர்தானே?" என்றார் வக்கீல்.

"ஆமாம்."

"உழவிலே உமக்கு எவ்வளவு மார்க்?"

"பதினேழு."

"அப்படிச் சொல்லும்."

அறை முழுக்கச் சிரித்தது. பாதிரியார்கூடச் சிரித்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். முளையைப் பற்றி நான் பேசவே இல்லை.

தீர்ப்பை அன்று மாலையே வாசித்தார்கள். பண்ணை ஊழியன் ஒருவன், பரிசுக்கு ஆசைப்பட்டு, பரீட்சையில் ஆள்மாறாட்டம் செய்தான். உலக அனுபவம் இல்லாத இளம் மாணவர்கள் அவனால் தவறான வழியில் இழுக்கப்பட்டார்கள். மாணவர்களின் எதிர்காலத்தை முன்னிட்டு டிப்ளமாக்களில் கைவைப்பதற்கில்லை. ஊழியன் இன்றோடு நீக்கப்படுகிறான். இனிமேல் ஒவ்வொரு மாணவனும், 'என் கையால் உழுதேன்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

மூன்று வேட்டிக்கு ஆசைப்பட்டு அவர் மூன்று மெட்ரிகுலேஷன்காரர்களைக் கெடுத்துவிட்டார் என்பது இதன் பொருள். எழுதப் படிக்கத் தெரிந்த ஏழு பெரிய மனிதர்கள், ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இதில் கையெழுத்துப் போட்டார்கள். பிற்காலத்தில் எத்தனையோ கோர்ட்டுகளையும் போர்டுகளையும் பற்றி எழுதியிருக்கிறேன். பொய்யைக்கூட அல்ல, எல்லாருக்கும் தெரிந்த உண்மையை இவ்வளவு ஒழுங்காகத் தலைகீழாக நிறுத்திய இன்னொரு காகிதத்தை நான் பார்க்கவில்லை. அடுத்த பங்குனியில் மாணவர்கள் எல்லாரும் அந்த உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். பேனாவை மூடிவிட்டுக் குடையை விரித்தார்கள்.

மேஸ்திரி வேலை, டிப்ளமா உள்ளவருக்கு முதலிடம் என்ற விதிப்படி, எங்கள் சபைப் பையனுக்குப் போயிற்று. குடை பிடித்த மூவரில் அவனும் ஒருவன். அவன் வீடு பாளையங்கோட்டையிலேயே இருந்தது. மேட்டு வீடு அவனுக்குத் தேவைப்படவில்லை. அதில் கடலைப் பிண்ணாக்கு மூட்டைகளை அடுக்கிப் பூட்டினார்கள்.

தீர்ப்பு வாசித்த பிறகு வெளியே வந்தேன். ஏர்க்காரர் மாட்டுக்கொட்டில் பக்கம் தன் தோள்துண்டையும் சோற்றுச் சட்டியையும் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அவர்தான் பேசினார்.

"நாலாம் பத்தி அதானாய்யா?"

அவ்வளவுதான் கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவர் மாட்டின் முதுகை ஒரு தரம் தடவிவிட்டு, வாய்க்கால் கரையோடு நடந்து போய்விட்டார்.

ஐப்பசியில் ஆறு வந்தது. அந்தக் குடிசை போயிற்று. நான் போய்ப் பார்த்தபோது அடுப்புக்கல் இரண்டு மட்டும் சேற்றில் இருந்தன. மரத்தில் பிள்ளைகள் இல்லை. முன்னாலேயே குடும்பத்தோடு மேற்கே போய்விட்டார் என்று பக்கத்தில் வலை காயப்போட்டவர் சொன்னார். திரும்பும்போது பண்ணை வழியாக வந்தேன். மேட்டு வீட்டின் வாசலில் ஒரு துளி தண்ணீர் ஏறவில்லை. பிண்ணாக்கு நனையாமல் இருந்தது.

எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிட வேண்டும். விசாரணை நடந்த மறுவாரம் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். "எட்டுப் பத்துப் பேரு வந்து பத்திரிகை கேட்டுட்டுப் போயிட்டானுவ. உனக்கு எழுத வருதுலே. நாளைலேர்ந்து வந்துரு" என்றார். அப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஏர்க்காரரின் வேலையைப் போக்கிய பத்தி எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. பன்னிரண்டு பேரில் யார் யார் என்னென்ன ஆனார்கள் என்று விருந்துகளில் பேசிக்கொள்வார்கள். ஒருவர் உப்பு இலாகா, ஒருவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், இரண்டு பேர் ஜமீன் மானேஜர், ஒருவர் பத்திரிகைக்காரர் என்பார்கள். விவசாயப் படிப்பு எங்களுக்கெல்லாம் சோறு போட்டது. அதில் தவறில்லை. யாரை வைத்துப் போட்டது என்பதை யாரும் விருந்தில் பேசியதில்லை.

சண்டை நடந்துகொண்டிருந்தபோது ஒரு தடவை, கல்லிடைக்குறிச்சியில் இரும்புக் கலப்பைச் செய்முறை நடக்கிறது, போய் எழுதிக்கொண்டு வா என்று அண்ணாச்சி அனுப்பினார். படித்துறைக்கு மேற்கே ஒரு வயல். வரப்பெல்லாம் குடியானவர்கள். நடுவில் டெமான்ஸ்ட்ரேட்டர், என் பழைய வகுப்புத் தோழர், தொப்பி வைத்துக்கொண்டு நன்றாகப் பேசினார். என்னைப் பார்த்ததும் கைகாட்டிச் சிரித்தார். அவர் பின்னால் மாட்டைப் பூட்டி, கலப்பையோடு நின்றவர் எங்கள் ஏர்க்காரர். பண்ணை நீக்கிய ஆளை டெமான்ஸ்ட்ரேட்டர் தம் வீட்டுப் பண்ணையில் வைத்துக்கொண்டிருந்தார். செய்முறைக்குப் போகிற இடமெல்லாம் கூட்டிப்போனார். அதை அவருடைய தயாள குணம் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் எனக்குச் சொன்னார்.

ஏர் ஓடியது. சால் அதே சால்தான். ஒரு குடியானவர் வரப்பிலிருந்து கேட்டார்: "எசமான், எங்க வயலு சேறு. இது அடியில போய் நின்னுருமே, என்ன செய்யணும்?" டெமான்ஸ்ட்ரேட்டர் திரும்பி ஏர்க்காரரைப் பார்த்தார். ஏர்க்காரர் குனிந்து வடத்தை அவிழ்த்து, ஒரு முழம் குறைத்துக் கட்டினார். "அதாவது, இந்த இழுவைக் கோணத்தை மாற்ற வேண்டும்" என்றார் டெமான்ஸ்ட்ரேட்டர். கூட்டம் அவருக்குக் கைதட்டியது.

எல்லாம் முடிந்து மாட்டை அவிழ்க்கும்போது அருகே போனேன். தாடையில் நரை விழுந்திருந்தது. என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார்.

"எழுத வந்தியளா?"

"ஆமா. நல்லா இருக்கீரா?" அன்றுதான் முதல் தடவையாக அவரை 'நீர்' என்றேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"இருக்கேன்யா. எத்தன பத்தி எழுதுவிய?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அவருக்கு.

"மூணு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, நுகத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மாட்டோடு படித்துறைப் பக்கம் போனார்.

மூன்று பத்திதான் எழுதினேன். முதலாவதில் கூட்டமும் மழை நிலவரமும். இரண்டாவதில் டெமான்ஸ்ட்ரேட்டர் கலப்பையை ஓட்டிக் காட்டி, இழுவைக் கோணத்தை விளக்கினார் என்ற செய்தி. மூன்றாவதில் ஊர்ப் பிரமுகர் சொன்ன வந்தனம். அண்ணாச்சி ஓர் எழுத்துகூட வெட்டாமல் அச்சுக்குக் கொடுத்தார்.